விலாவிடம் வாங்கியது

மார்ச்சில் பைக் சறுக்கியது.
அன்றோடு என் இடது கை
கழுத்தோடு பேசுவதை நிறுத்தியது.
ரீகாவில் ஒன்பது மணி நேரம் என்னைத் திறந்து வைத்து
மூன்று விலா நரம்புகளைத் திருப்பிக்
கைக்குள் தைத்தார்கள்.
மூச்சுக்கென்று இருந்தவை.

"நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும்" என்றாள் ஜின்த்ரா.
ஓர் எள்ளில் பாதிகூட இல்லை.
துறைமுகத்தில் இருபது டன் கிரேனை
இரண்டு விரலால் ஓட்டியவன் நான்.
லியெபாயாவில், கடலுக்கு முதுகு காட்டிய அந்த அறையில்
செவ்வாயும் வெள்ளியும்
சும்மா மூச்சு இழுத்தேன்.
இழு. நிறுத்து. மடங்குவதாக நினை.
தோலில் ஒட்டிய கம்பி வழியே
திரையில் ஒரு பச்சைக் கோடு,
உறைந்த ஏரிபோல் தட்டையாக.
ஏழு மாதம்.

பிறகு ஒருநாள் சந்தையில்
புகையிட்ட மீனின் வாசம் தொண்டையில் ஏற
இருமினேன்.
கோட்டுக் கைக்குள் ஏதோ துள்ளியது.
எலி என்று நினைத்தேன்.
இன்னொரு முறை இருமிப் பார்த்தேன்.
நான்தான்.

அதற்குப் பின் மானம் போயிற்று.
தும்மினால் கை எழுந்தது.
மாமனாரின் அடக்கத்தில்
பாதிரியார் மௌனமாக நின்ற இடத்தில் தும்மித் தொலைக்க,
பஸ்ஸை நிறுத்துபவன்போல் முழங்கை மடங்கியது.
அக்னேசே உதட்டைக் கடித்துக்கொண்டாள்.
இரவு அதைச் சொல்லிச் சொல்லி
இருவரும் விலா நோகச் சிரித்தோம்.
நோகும்போதெல்லாம்
கை அவள் தோளைத் தட்டி வந்தது,
நான் அனுப்பாமலே.

ஜின்த்ராவுக்கு அது போதவில்லை.
"இனி மூச்சைக் கேட்காமல் மடக்குங்கள்."
கோபம் வந்தது. இத்தனை நாள் படித்ததை
மறக்கச் சொல்கிறாள்.
ரப்பர் நாடா, அரைக் கிலோ மணல் பை,
மேசையில் வழுக்கும் துணி.
மூச்சைப் பிடித்தால் கையும் நின்றது.
ஒரே கொத்தில் மாட்டிய சாவிகள்;
ஒன்றை எடுத்தால் மற்றதும் வந்தது.

மறு குளிர்காலம். ஜன்னலில் ஈரப் பனி.
கரண்டியை மணிக்கட்டோடு பட்டையால் கட்டியிருந்தாள்.
"உங்கள் நாய்க்கு என்ன வயது?"
குறிப்பேட்டிலிருந்து தலை தூக்காமல் கேட்டாள்.
பதினொன்று என்றேன். காது மந்தம்,
ஆனால் ரொட்டிப் பை சரசரத்தால் போதும்
எந்த அறையில் இருந்தாலும் ஓடி வந்துவிடும், போன வாரம்கூட
ஒரு முழுக் கம்பு ரொட்டியை, உறையோடு...

அவள் எழுதுவதை நிறுத்தியிருந்தாள்.

கரண்டி என் உதட்டருகே இருந்தது.
கஞ்சி பாதி சட்டையில்.
விரல்கள் இன்னும் செத்துத்தான் கிடந்தன;
அவற்றுக்கு எத்தனை எள் தூரம் என்று
யாரும் சொல்லவில்லை.

நாயின் பெயரைக் கேட்டாள்.
சொன்னேன்.