கால் சுற்று

மாதாந்திரப் பராமரிப்புக்காக
காலை ஒன்பது முதல் மதியம் இரண்டு வரை
மின்சாரம் இருக்காது என்று பேப்பரில் போட்டிருந்தது.
சரி, நானும் பராமரிக்கிறேன் என்று
மருந்துக்கடைக்கு லீவு சொல்லிவிட்டேன்.

குற்றாலத்தில் சாரல் விழுந்தால்
சமாதானபுரத்தில் என் கிடாருக்குக் கழுத்து பின்னால் சாயும்.
இங்கே சொட்டுத் தண்ணீர் இராது.
தென்காசி ரோட்டில் வந்த காற்று
மரத்திடம் மட்டும் என்னவோ சொல்லிவிட்டுப் போகும்.
முதல் மூன்று மெட்டிலும் கரகரப்பு,
தொண்டையில் சளி கட்டிய மாதிரி.

பழைய கம்பி ஆறையும் தளர்த்தி, வெட்டிச் சுருட்டி
சேமியா பாக்கெட்டுக்குள் போட்டேன்.
மெட்டு ஓரங்களில் பச்சைக் களிம்பு.
என் வியர்வைதான், யாரைக் குறை சொல்ல?
தேய்ந்த டூத் பிரஷ். எலுமிச்சை எண்ணெய் நாலு சொட்டு.
மரம் குடித்துவிட்டுக் கறுத்தது.

மேலப்பாளையம் மைதீன் பிச்சை மெக்கானிக்கிடம்
வால்வு இடைவெளி பார்க்கும் தகடு கேட்டிருந்தேன்.
"என்ன வண்டிம்மா வச்சிருக்க?"
"ஆறு கம்பி வண்டி."
சிரிக்கவில்லை. துணியில் துடைத்து நீட்டினார்:
"வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டாந்திரணும்."

இந்த மாடலில் கழுத்தைத் திருத்தும் திருகு அடியில் இருக்கிறது.
நாலு ஸ்க்ரூ கழற்றிக் கழுத்தையே தூக்கினால்தான் எட்டும்.
விற்ற சாலமோன் இதைச் சொல்லவில்லை.
இன்னொன்றும் சொல்லவில்லை:
குழிக்குள், கழுத்துக்கு முட்டுக்கொடுத்து
நறுக்கிய கல்யாணப் பத்திரிகைத் துண்டு.
தங்க மையில் "நிச்சயித்தபடி" என்று அறுந்த வரி,
கீழே "ஜெபமலர்".
மாப்பிள்ளை பெயர் கத்தரியோடு போய்விட்டது.

மஸ்கட் போகிற அவசரம் என்று
குலவணிகர்புரம் கேட் மூடிக்கிடந்த நேரத்தில்
ஏழாயிரத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனவன்.
அவன் கல்யாணமா, அவன் வாசிக்கப் போன கல்யாணமா,
போகாமல் இருந்ததா.

அடுத்தவர் பத்திரிகை நமக்கெதுக்கு,
எடுத்துவிட்டுக் கடை விசிட்டிங் கார்டை நறுக்கி வைத்தேன்.
கம்பி எம்பி நின்றது; அழுத்தினால் விரல் நோவு.
மூன்றாக மடித்தேன்.
மெட்டின்மேல் படுத்துக்கொண்டது.
ஒவ்வொரு தடவையும் அதே நாலு ஸ்க்ரூ.
கடைசியில் ஜெபமலரையே உள்ளே வைத்து மூடினேன்.

மூடுமுன் திருகைக் கால் சுற்று தளர்த்தியிருந்தேன்.
அதற்கு மேல் ஒரே நாளில் தொடக்கூடாது,
மரம் யோசிக்க நேரம் வேண்டும்.
நேற்றைய சொதியைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டேன்.
திரும்பி வந்து தகடு நுழைத்தேன், போனது.
பன்னிரண்டாம் மெட்டில், சின்னக் கம்பிக்கு அடியில்
ஒரு ரூபாய்க் காசு உரசாமல் போய் வந்தது.
ஐந்தாவது கம்பி மட்டும் மயிரிழை சுருதி கூடி நின்றது;
அதன் சாடிலைப் பின்னுக்கு இழுத்தபோது
போனில் சார்ஜ் தீர்ந்தது.

இரண்டு மணிக்கு வரவில்லை.
இரண்டு நாற்பதுக்கு வந்தது:
ஃபேன், மாடிவீட்டு மிக்ஸி, ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு லைட்,
கூடவே அந்த ம்ம்ம்ம்.

எர்த் கம்பி சுவருக்குள் எங்கேயோ அறுந்துகிடக்கிறது.
பார்க்கலாம் என்று மூன்று வருஷமாக
ஹவுஸ் ஓனர் சொல்லிக்கொண்டிருக்கிறார்.
கம்பிமேல் கை வைத்தால் அடங்கும்,
எடுத்தால் திரும்ப ஆரம்பிக்கும்.
அதனால் வாசிக்காதபோதும் நான் கையை எடுப்பதில்லை.

ஏழாவது மெட்டில், தடித்த கம்பியில்
லேசாக இன்னும் கரகரப்பு இருக்கிறது.
அடுத்த மாதமும் கரண்ட்டை நிறுத்துவார்கள்.