சுமார்

தாண்டிக்குடி ஆரம்ப சுகாதார நிலையத்தில்
மாத்திரைப் பெட்டிகளை ஒதுக்கி
எங்கள் பதினோரு பேரை உட்காரவைத்தார்கள்.
பயிற்சி தர வந்த ஜெனோவா சிஸ்டருக்கு
என் சர்வீஸைவிட இரண்டு வயதுதான் கூட.
கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்த முகத்தோடு
வாளியில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்தாள்.
"யாருக்கு சிஸ்டர் ஆரத்தி?" என்றாள்
பண்ணைக்காட்டு ரூபாவதி.
சிரித்தோம்.

அளந்து அளந்து ஊற்றி வைத்தாள்:
ஒரு நாப்கினில்,
பழம்புடவைக் கிழிசலில்,
ரப்பர் ஷீட்டின் பள்ளத்தில்,
ஜவ்வரிசி சேர்த்துக் கட்டி கட்டியாய் ஒரு தட்டில்,
கடைசியாய், மடித்துப் போட்ட கம்பளியில்.
"எவ்வளவு ரத்தம் என்று எழுதுங்கள்.
பக்கத்தில் பார்க்கக் கூடாது."

பரீட்சை என்றால் இந்த வயதிலும் கை வேர்க்கிறது.
கம்பளிக்கு நான் முந்நூறு போட்டேன்.
ரூபாவதி இருநூற்றைம்பது.
ஜெனோவா காலிக் குடுவையைத் தூக்கிக் காட்டினாள்.
தொள்ளாயிரம்.

திட்டவில்லை அவள்.
"எல்லா ஊரிலும் இப்படித்தான்.
கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம்.
மீதியைத் துணி குடித்துவிடும்."

முந்நூறு
நான் முன்பே எழுதிய எண்.

கூக்கால் வெள்ளத்தாய், இரண்டாம் பிரசவம்.
கரண்ட் போன ஆடி விடியல்.
பிள்ளை வீறிட்டு அழுதது.
நஞ்சை டார்ச் அடித்து இரண்டுமுறை புரட்டிப் பார்த்தேன்,
ஒரு துணுக்கு குறையவில்லை.
கம்பளியைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு
பதிவேட்டில் எழுதினேன்:
தாய் நலம். ரத்தப்போக்கு சுமார் 300.
தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன்.
குளிருது என்றாள்.
ஆடியில் இந்த மலையில் யாருக்குத்தான் குளிராது?
நூற்றியெட்டுக்கு நான் பேசியபோது மணி ஆறேகால்.
ஐந்தரைக்குப் பேசியிருக்கலாம்.
வண்டி பூம்பாறையைத் தாண்டியது.
கொடைக்கானலை எட்டவில்லை.

விசாரணைக்கு வந்தவர்கள் பதிவேட்டைப் புரட்டினார்கள்.
முந்நூறு சாதாரணம்தானே என்று
என்னிடமே திருப்பித் தந்தார்கள்.
கம்பளியை யாரும் கேட்கவில்லை.
நான்தான் துவைத்தேன்,
நாலு தண்ணீர் மாற்றி.
தூக்கியபோதே கனத்தது.
கைக்குத் தெரிந்திருக்கிறது,
எழுதிய கைதான் அதுவும்.

மதியம் ரப்பர் வயிற்றைத் தேய்த்துத் தேய்த்து
கருப்பையை இறுக வைக்கப் பழகினோம்.
ரூபாவதி தாயாக நடித்தாள்,
செத்துப்போகவும் நடிக்கச் சொன்னார்கள்,
மாட்டேன் என்றுவிட்டாள்.

"எடை போடுங்கள்" என்றாள் ஜெனோவா.
நனைந்த துணியின் எடையில்
உலர்ந்த எடையைக் கழித்தால் மிச்சம் ரத்தம்.
ஒரு கிராமுக்கு ஒரு மில்லி என்று வையுங்கள்.
"தராசு?"
"இண்டென்ட் போடுங்கள்."
மறுபடி சிரித்தோம். அது வேறு சிரிப்பு.

இண்டென்ட் போட்டு ஏழு மாதம் ஆயிற்று.
பூம்பாறை பூண்டு மண்டியில்
சேவுகன் தன் பழைய தராசைத் தந்தார்.
"அஞ்சு பத்து கிராம் முன்னப்பின்ன காட்டும், சிஸ்டர்."
பரவாயில்லை என்றேன்.
நான் அறுநூறு
முன்னப்பின்ன காட்டியவள்.

ஸ்பிரிட் போட்டுத் துடைத்தும்
தட்டில் பூண்டு வாசம் போகவில்லை.
நிலையத்துத் துணிகள் ஒவ்வொன்றின் மூலையிலும்
உலர்ந்த எடையைக் கறுப்பு நூலில் தைத்திருக்கிறேன்:
412. 388. 405.
கம்பளி 1640.
பதிவேட்டில் அச்சடித்தே வருகிறது அந்தச் சொல்,
கோடிட்ட இடத்துக்கு முன்னால்.
அடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நேற்று செக்கப்புக்கு வந்த குண்டுப்பட்டிப் பெண்
எட்டாம் மாத வயிற்றைப் பிடித்தபடி கேட்டாள்,
"அது குழந்தைக்கா?"
குழந்தைக்கு வேறே இருக்கு,
இது உனக்கு என்றேன்.
தராசையும் தன்னையும் மாறி மாறிப் பார்த்து,
"நான் ஏறினா தாங்குமா, சிஸ்டர்?" என்றாள்.