பதினோராவது இடம்

மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரத்தை
என் தலையில் கட்டியிருந்தார்கள்.
ஒயிட்ஃபீல்டு ஓட்டலில் மூன்றாம் அரங்கு.
பிஸிபேளேபாத்தும் ஏசியும் கூட்டுச் சேர்ந்து
கண்ணைச் சொக்கவைக்கும் இரண்டேகால் மணி.
பக்கத்து அரங்கில் செயற்கை நுண்ணறிவு,
அங்கே நிற்கவும் இடமில்லை.
இங்கே முப்பத்தொரு பேர்,
அதில் நான்கு பேர் செல்போனுக்குச் சார்ஜ் போட வந்தவர்கள்.

திரையில் ஒரே ஒரு பெயரை எழுதினேன்:
காளியம்மாள்.

விரல்விட்டு எண்ணினால் ஆறு.
நிரலிடம் நீளம் கேட்டேன்.
பதினொன்று என்றது.
அதன் கணக்கில்
துணைக்கால் தனி ஆள்,
மேல்விலங்கு தனி ஆள்,
தலைமேல் உட்கார்ந்திருக்கும் புள்ளியும் தனி ஆள்.
எல்லோருக்கும் ஆளுக்கொரு நாற்காலி.
சிரித்தார்கள்.
சிரிப்பதற்கென்றே வைத்த ஸ்லைடு அது.

ஆறு வருடத்துக்கு முன்
பி.டி.எம். லேஅவுட் பி.ஜி.யில்,
மேல்கட்டிலில் கூரை இடிக்கக் குனிந்தபடி,
ஒன்றரை மடங்கு வேகத்தில் வீடியோ ஓட்டி
நான் படித்த பாடம்:
பெட்டிக்கு அளவு வை, மீறினால் வெட்டு.

அல்சூரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி.
முதல் வேலை, பதினெட்டாயிரம் ரூபாய்.
தாய்மார்கள் மணிக்கட்டில் கட்டும் சீட்டில்
பெயர் அச்சடிக்க ஒரு பக்கம்.
பத்து என்று எழுதினேன்.
பன்னிரண்டு என்றும் எழுதியிருக்கலாம்.
பத்து, கைவிரல் மாதிரி,
நியாயமாகத் தெரிந்தது.
ஆங்கிலத்தில் என் பெயரைப் போட்டுப் பார்த்தேன்.
சோதனை தேறியது. பணம் வந்தது. மறந்துபோனேன்.

காளியம்மாள் காளியம்மாள ஆனாள்.
பாண்டீஸ்வரி பாண்டீஸ்வர ஆகி
எழுத்துக்கூட்டிப் படித்த கன்னட நர்ஸ் வாயில்
ஆம்பளைப் பெயரானாள்.
பச்சையம்மாள் மட்டும் தப்பித்தாள்.
பத்தோடு நின்று
பச்சையம்மா என்று அச்சானாள்.
அந்த வார்டில் அதை யாரும் தப்பென்று நினைக்கவில்லை.

போன டிசம்பரில் தோழிக்கு அங்கே பிரசவம்.
வரவேற்பு மேசையில் ரோஸலின் என்று ஒரு பெண்,
பிரிண்டர் துப்பிய சீட்டைக் கிழித்து
வாசலைப் பார்த்துப் பேசிக்கொண்டே
நீலப் பால்பாயிண்டால்
கடைசி எழுத்தின் தலையில்
ஒரு குத்து.

என்ன அது என்றேன்.
'மெஷின் கொஞ்சம் விட்டுடும் மேடம்,
நாமதான் வெச்சுக்கணும்.'
எத்தனை நாளாய்?
'நான் சேர்ந்ததுல இருந்தே.'
யாரிடமும் சொல்லவில்லையா?
'ஒரு புள்ளிதானே.'

அந்த மெஷின் நான்தான் என்று
அங்கே சொல்லவில்லை.
மேடையிலும்
'ஒரு டெவலப்பர்' என்றுதான் சொன்னேன்.

கேள்வி நேரம்.
ஹூடி போட்ட ஒருவர் எழுந்தார்.
எழுத்தெழுத்தாக அறிந்து வெட்டினால்
எத்தனை மில்லிசெகண்ட் கூடும்?
மூன்று என்றேன்.
உதட்டைப் பிதுக்கிக் குறித்துக்கொண்டார்.
சார்ஜ் நிரம்பிய இருவர் வெளியேறினார்கள்.
பின்வரிசையில் ஒரு பெண் மட்டும்
மடிக்கணினியில் தன் பெயரைத் தட்டி
மலையாளத்தில் எண்ணிப் பார்த்து
'ஐயோ' என்றாள்,
மைக் இல்லாமலே கேட்டது.

மாரத்தஹள்ளிப் பாலத்தில் மழை, பஸ் நகரவில்லை.
மடியில் இலவசத் துணிப்பை,
அதற்குள் யாரோ ஒரு கம்பெனியின் காலுறை.
சொல்லாமல் விட்ட ஸ்லைடு ஒன்று உண்டு.

டிசம்பரிலேயே திருத்திவிட்டேன், ஒரே வரி,
ராத்திரி பதினொன்றரைக்கு, பில் போடாமல்.
ஜனவரியில் குழந்தைக்குத் தடுப்பூசி,
தோழிக்குத் துணையாகப் போனேன்.
பிரிண்டர் துப்பியது. பெயர் முழுசாய் இருந்தது,
அச்சுப் புள்ளியோடு.
ரோஸலின் வாசலைப் பார்த்தபடி
அதன்மேல் இன்னொன்று வைத்தாள், நீலத்தில்.

'இப்பதான் அதுவே வெக்குதே' என்றேன்.
குனிந்து பார்த்தாள்.
'அட, ஆமா' என்று
அடுத்த சீட்டுக்கும் வைத்தாள்.