ஆறு முத்து

நாகர்கோவில் புத்தகக் கண்காட்சியில்
மழைக்கு ஒதுங்கிய கடையில்
பாதி விலைக்கு வாங்கினேன்.
அட்டையில் பிளந்த மாதுளை.
கிரேக்கப் புராணமாம், காதல் கதையாக.

தூக்கிப்போனவனுக்கு நீளமான இமைகள் வைத்திருக்கிறார்கள்.
பாதாளத்தில் அவனுக்கொரு தனிமை,
நூற்றுப்பத்துப் பக்கத்துக்கு.
பூப்பறிக்க வந்தவள்
இந்தப் புத்தகத்தில் தானாகவே தேர் ஏறுகிறாள்.

சரி. நானும் அப்படித்தான் ஏறினேன்,
குலசேகரம் ஸ்டாண்டில், திங்கள்சந்தை வண்டியில்.
பின்சீட்டில் ஜெரோன் துண்டு போட்டு வைத்திருந்தான்.
மணவாளக்குறிச்சிக்காரன்,
கரிமணல் அள்ளும் கம்பெனியில் ஷிப்ட் வேலை.
மலையடியிலிருந்து கடல்வரை மொத்தமும் இறக்கம்.
தக்கலை தாண்டியதும் காற்றில் உப்பு.

அருமனை ஸ்டேஷனில் அம்மை கொடுத்த மனுவில்
'கடத்தல்' என்று இருந்தது.
'என் இஷ்டத்துக்குத்தான் போனேன்' என்ற தாளில்
மூன்று இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.
ஒரே பயணம், இரண்டு தாள்.
இந்த நாவல் என் தாளைப் பார்த்து எழுதியது.
எனக்குப் பிடித்திருக்க வேண்டும்.

இருநூறாம் பக்கத்தில் அந்தத் தாய் வருகிறாள்,
மகளைப் பொத்திப் பொத்தி
மூச்சு முட்டவைத்தவளாக.
காதல் ஜெயிக்க
யாராவது ஒருத்தி கெட்டவளாக வேண்டும் போல.
தீப்பந்தத்தோடு அவள் ஊர் ஊராய் அலைந்ததை
நாலே வரியில் கடந்துவிட்டார்கள்.

அம்மையிடம் தீப்பந்தம் இல்லை.
அது தை மாதம், பால்வெட்டு நிறுத்தி ஒரு வாரம்.
ஆணியில் சும்மா தொங்கிய ஹெட்லைட்டை
நெற்றியில் கட்டிக்கொண்டு
களியலிலிருந்து அருமனைவரை நடந்தாளாம்.
விடிந்தும் அணைக்க மறந்து
வெயிலில் எரியும் விளக்கோடு
ஸ்டேஷன் படி ஏறினாளாம்.
புஷ்பபாய் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

தாய் அழுததால் மரங்கள் மொட்டையாயின என்கிறது புராணம்.
எங்கள் ரப்பர் மரங்கள்
யார் அழுகையையும் கேட்பதில்லை.
தை வந்தால் உதிர்க்கும்.

கதையில் தேவராஜன் வந்து பஞ்சாயத்து பேசுகிறான்.
எங்களுக்கு ஒரு பாஸ்டரும் ஒரு ஃபாதரும்,
அழகியமண்டபத்தில் ஒரு டீக்கடை.
வெட்டு நடக்கும்போது அம்மைக்கு நேரமில்லை.
அதனால் இலை கொட்டும்போதுதான் நான் மேலே போவேன்,
கதைக்கு நேர் எதிராக.

இந்தத் தையில் புத்தகத்தையும் கொண்டுபோனேன்.
வேலையில்லாத கையோடு இருக்க
அம்மைக்குத் தெரியாது.
சிரட்டைகளைக் கவிழ்த்து
ஒட்டுப்பால் உரித்துக்கொண்டிருந்தாள்.
மாதுளை வரும் பக்கத்தை வாசித்தேன்:
ஆறு முத்து தின்றாள்,
அதனால் அவன் வீட்டுக்கே சொந்தமானாள்.

"ஆறா?"
கத்தியைக் கீழே வைத்தாள்.
"அவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போயிட்டு
ஒருநேரம் கஞ்சி ஊத்தலியா அந்தப் பய?"

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"உனக்கு அண்ணைக்கு என்ன தந்தாவ?"

பதினோரு வருடத்தில் முதல்முறை.

மரச்சீனிக் கிழங்கு, அம்மை. சாளைக் கறி.
அவனுடைய அம்மை முள்ளெடுத்துத் தந்தாள்.
அழுதுகொண்டே இரண்டு தட்டு தின்றேன்.

"ம்" என்றாள்.
அடுத்த சிரட்டையை எடுத்தாள்.
"பெறகு? வாசி."