போயா லீவுக்கு ஒரு வழி

வேலைத்தளச் சீட்டொன்றின் பின்பக்கத்தில்
தவக்கொடி வழி கீறுகிறாள்:
தருமபுரம், கல்லாறு, பிறகு மணல்,
பிறகு சுண்டிக்குளம் என்று ஒரு நீளக் கோடு.
கோட்டுக்கு மேலே மூன்று பறவை, காகம் மாதிரி.
"இதுதான் பூநாரை."
"கால் காணாது" என்கிறாள் அமலராணி.
பேனையால் இழுத்துக் காலை நீட்டிவிட்டாள்.

மாசிப் போயா. விடிய ஐந்துக்கு வெளிக்கிடுவது.
போகேக்கை வாடை முகத்தில் அறையும்,
வரேக்கை அதே வாடை
முதுகில் கைவைத்துத் தள்ளும்.
ஆகவே போகத் தண்ணீர் கூட, வரக் கொஞ்சம்.
வெயிலை மறந்துபோனோம்.
வெட்டிவிட்டு எழுது: ஆளுக்கு மூன்று போத்தல்.
அடையாள அட்டை, நாலு பேரும். மறக்கக் கூடாது.

சைக்கிள் நாலு வேண்டும், இருப்பது இரண்டரை.
அரை என்பது என்னுடையது,
செயின் உண்டு, பிறேக் இல்லை.
நிலானி தம்பியிடம் கேட்டிருக்கிறாள்,
ஒரு டேற்றா காட்டுக்குத் தருவானாம்.
மிச்சம் பேக்கரிக்காரருடையது.
பின்னாலுள்ள பாண் பெட்டியைக் கழற்ற ஏலாதாம்.
கழற்ற வேண்டாம்,
சோறு அதற்குள் போகட்டும்.

ஏழு வருசமாய் நாங்கள் நாலு பேரும்
இந்த மண்ணை முழங்காலால் கடக்கிறவர்கள்.
கண்ணாடி மூடிக்குள் வியர்வை,
இந்தப் பக்கம் வெள்ளைக் கட்டை, அந்தப் பக்கம் சிவப்பு.
கருவி கத்தினால் ஆணி,
கத்தினால் சோடா மூடி,
கத்தினால் ஆரோ ஒருத்தியின் தோட்டுச் சுரை,
கத்தினால்
கையை எடு, விசிலை ஊது, பின்னால் வா.

நிலானி போனில் கணக்குப் பார்க்கிறாள்.
பதினெட்டுக் கிலோமீற்றர்.
சைக்கிளில் ஒன்றரை மணித்தியாலம்.
நாளுக்கு ஒரு மீற்றர் என்றால்
நாற்பத்தொன்பது வருசம்,
லீவு எடுக்காமல்.
சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரைக்கேறுகிறது.

சைக்கிளைப் பாலை மரத்தடியில் பூட்டிவிட்டு
கடல்நீரேரிக் கரையால் நடை, நாலு கிலோமீற்றர்.
"ஆர் முன்னுக்கு?"

ஒருவரும் பேசவில்லை.

துப்புரவான பாதைதான், பத்திரம் இருக்கிறது,
பத்திரத்துக்கு முழங்கால் கொடுத்ததே அமலராணியின் அணி.
அவள்தான் மெல்லக் கேட்டாள்:
"ஒதுங்கிறதெண்டால் எங்கை போறது?"
"பாதையை விட்டு ஒரு அடியும் இல்லை."
"அப்ப?"
"வெளிக்கிட முன்னம் போ."

எனக்கு என் கண்ணைத் தெரியும்.
தங்கச்சியின் கலியாணத்தில்
மணவறைக்கு முன்னால் நின்றும்
மண்ணைத்தான் பார்த்தேன்.
அல்பத்தில் எந்தப் படத்திலும் என் முகம் இல்லை,
உச்சி வகிடு மட்டும், நேராக, நல்ல வடிவாக.
வானத்தில் நடக்கிற ஒன்றுக்கு
இவ்வளவு தூரம் போய்
உமரிச் செடியின் வேரைப் பார்த்துவிட்டு வருவேனோ?

அதனால் ஒரு சட்டம் போட்டோம்.
முன்னுக்குப் போகிறவள் நிலம் பார்க்கலாம்.
மற்ற மூன்று பேரும் அண்ணாந்துதான்.
இருநூறு எட்டுக்கு ஒருக்கால் ஆள் மாறும்.
குனிந்து பிடிபட்டால்
நாலு பேருக்கும் பிளேன்ரீ அவள் காசு.
"நீ எங்களைக் கடனாளி ஆக்கப்போறாய்" என்றேன்.
"நீதான் ஆகப்போறாய்" என்றாள் தவக்கொடி.

நாளைக்கும் வேலை இருக்கிறது.
சீட்டை மடிக்கும்போது மறுபக்கம் தெரிகிறது,
இன்றைய கணக்கு, என் கையெழுத்தில்:
துப்புரவான நிலம் ஆறரைச் சதுர மீற்றர்.
கண்டவை: முள்ளுக்கம்பித் துண்டு மூன்று,
எவர்சில்வர் அகப்பை ஒன்று, வளையாதது.

"அகப்பை எங்கை?" என்கிறாள் நிலானி.
"தேய்ச்சுக் கழுவி எடுங்கோ.
சோறு போட ஒண்டும் எழுதேல்லை நாங்கள்."