ஐந்தாவது மன்றாட்டு

சனிக்கிழமை சாயங்காலம்
எட்மண்ட் சாமி ஒரு துண்டுச் சீட்டு நீட்டினார்.
"பட்டாளத்தில் இருக்கிற நம்ம பங்குப் பிள்ளைகளுக்கு
நாளைப் பூசையில் ஒரு மன்றாட்டு எழுதிடும்மா."
சீட்டில் பதினோரு பெயர்.
லே, தவாங், விசாகப்பட்டினம்.
ஒரு பெயருக்கு நேரே வெறும் கேள்விக்குறி:
எங்கே என்று வீட்டுக்கே தெரியாதாம்.

ஏழு வருஷமாய் எழுதுகிறேன்.
திருச்சபைக்கு ஒன்று, மழைக்கு ஒன்று,
பரீட்சைப் பிள்ளைகளுக்கு, மரித்தவர்களுக்கு.
கை தானாக ஓடும்.
இன்று ஓடவில்லை.

நசரேயனைப் பிடித்துப் போய் நாற்பத்து மூன்று நாள்.
நெடுந்தீவுக்கு அந்தப் பக்கம் என்கிறார்கள்.
அலைமேல் கோடு கிழித்தவனை
நான் பார்த்ததில்லை.
ஊர்க்காவற்றுறை கோர்ட்டில் வாய்தாவுக்கு மேல் வாய்தா.
வயசு குறைவென்று திருப்பி அனுப்பிய பையன் சொன்னான்,
கையைக் கட்டிய நேவிக்காரன் கழுத்தில்
ஜெபமாலை கிடந்ததாம்.
அதைக் கேட்டபின்
எனக்கு இன்னும் எரிந்தது.

சந்தியாகப்பரை ஏறிட்டுப் பார்த்தேன்.
அவரும் குதிரைமேல், ஓங்கிய வாளோடு.
சண்டைக்காரரிடம் போய் என்னத்தைச் சொல்ல.

உள்ளே ஜசிந்தா
பீடத்துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.
அவள் வீட்டுக்காரர் கில்பர்ட் பனிமலைக் காவலில்.
மகளின் புதுநன்மைக்குப் புறப்பட்டவர்
ரெண்டு நாள் பிந்தி வந்து சேர்ந்தார்.
பிள்ளை அந்த வெள்ளைக் கவுனை
மறுபடி போட்டுக் காட்டிற்று.
இது தெரிந்தும்தான் போன மாதம் ஏலக்கூடத்தில்
அவள் காதுபட நான் சொன்னேன்:
"சிலருக்கு மாசம் பிறந்தா சம்பளம்."
அதற்கப்புறம் எங்களுக்குள் பேச்சில்லை.

ஆறரைக்குப் போன் அடித்தது.
கொடிமரத்தடியில்தான் டவர் கிடைக்கும், ஓடினாள்.
"சாப்டீங்களா?"
"ம்."
"இங்க கச்சான் காத்து, மண்ணள்ளிப் போடுது."
"ம்... ம்."
கட்டாகிவிட்டது என்று எனக்கே தெரிந்தது.
அவள் இன்னும் காதில் வைத்துக்கொண்டு
"ம்" என்றாள்.
அந்த "ம்" எனக்குத் தெரியும்.
மீன்துறை ஆபீஸ் போனில்
நான் சொல்வது.

கருகல் வாடை.
ரெண்டு பேரும் ஓடினோம்.
பீடத்துணியின் நட்டநடுவில்
இஸ்திரிப்பெட்டி முனை பழுப்பாய்ப் பதிந்திருந்தது.
"மெழுகுதிரித் தண்டை
கொஞ்சம் நகர்த்தி வச்சா மறைஞ்சிரும்" என்றேன்.
தலையை ஆட்டினாள்.
பிறகு துணியை மடித்தபடி,
என்னைப் பாராமல்:

"அவரும் ஒருத்தனைப் பிடிச்சாராம் அக்கா.
ஆடு மேய்க்கிற பையன், பதினாலு வயசு இருக்குமாம்.
எல்லை தெரியாம இந்தப் பக்கம் வந்துட்டான்.
டீ குடுத்து, கம்பளி போத்தி,
மேலதிகாரிகிட்ட ஒப்படைச்சாராம்.
மூணு நாளாச் சோறு இறங்கலேங்கிறார்.
ஆடெல்லாம் அங்கேயே நின்னு கத்திச்சாம்."

எங்கள் படகின் நங்கூரக் கயிறு
எந்தத் துறையில் இற்றுக்கொண்டிருக்கிறதோ.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவள் கேட்டாள்: "அண்ணனுக்கு எப்ப வாய்தா?"
"திங்கக்கிழமை."

ஞாயிறு இரண்டாம் பூசை.
நாலு மன்றாட்டு முடிந்து
ஐந்தாவதை வாசித்தேன்.
பதினோரு பெயரையும் சொன்னேன்,
கேள்விக்குறிக்காரனையும் சேர்த்து.
பிறகு, சாமியிடம் காட்டாத வரி:
"இவர்கள் கையில் அகப்படுகிறவர்களுக்காகவும்,
நம்மைக் கட்டிய கைகளுக்காகவும்,
அந்தக் கைகளை எண்ணி எங்கோ
தூங்காமல் கிடப்பவர்களுக்காகவும்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்"
ஒரு மூச்சு தாமதமாய் வந்தது.
ஆண்கள் பக்கம் யாரோ இருமினார்.
படகை இழந்த ரபேல் மாமா
வாயைத் திறக்கவே இல்லை.
அவரைக் குறை சொல்ல மாட்டேன்.
நானே கடைசி வரியை
சத்தம் குறைத்துத்தான் வாசித்தேன்.

எட்மண்ட் சாமி காணிக்கைக்கு எழுந்தார்.
தண்டு கோணலாய் நிற்பதைப் பார்த்து
ஓரத்துக்கு நகர்த்தினார்.
கீழே குனிந்து பார்த்தார்.
எங்கள் ரெண்டு பேரையும் பார்த்தார்.
பழைய இடத்திலேயே
திருப்பி வைத்தார்.