எரிந்த டீசலுக்குத் தகுமா

வெளிநாட்டு விமர்சகர்கள்
நூற்றுக்கு எண்பத்தெட்டு என்கிறார்கள்,
நூற்றுக்கு அறுபத்தொன்று என்கிறார்கள்.
அவர்கள் வீட்டில் கரண்ட் போவதில்லை.

மோல்மீனில், கீழ் மெயின் ரோட்டில்,
பதினோரு கணினி, ஒரு ஜெனரேட்டர், நான்.
இங்கே எந்த விளையாட்டு வந்தாலும் ஒரே கேள்விதான்:
எரிந்த டீசலுக்குத் தகுமா?

கணக்கு நோட்டின் பின்பக்கத்திலிருந்து
பையன்கள் சொல்வதை எழுதி வருகிறேன்.
அவர்கள் பேசுவது பர்மியம், நான் எழுதுவது தமிழ்,
வசவுக்கு மட்டும் இரண்டும்.

கார்ப் பந்தயம்.
'மழை அழகு' என்றான் நே லின்.
'ஆனால் இது மழையில்லை, ஷவர்.
செய்தவன் வாசோ மாதத்தில் ஒருதரம்
நம்ம ஸ்ட்ராண்டு ரோட்டில் பைக் ஓட்டியிருந்தால்
டயருக்கு இத்தனை நம்பிக்கை கொடுத்திருக்க மாட்டான்.'
ஒன்றரை லிட்டர்.

பண்ணை விளையாட்டில்
நெல் மூன்றே நாளில் விளைகிறது.
பன்றி சாவதில்லை.
பட்டியல் வைத்துக்கொண்டு யாரும் வாசலில் வந்து நிற்பதில்லை.
'இதை மாயாஜாலத்தில் சேருங்க அக்கா'
என்றான் சவரியின் இளைய மகன்.
சேர்த்தேன்.

பேய்வீடு நல்ல மதிப்பெண்ணை நோக்கித்தான் போனது.
மூன்றாம் மாடி, மூடிய கதவு,
உள்ளே ஏதோ நகத்தால் கீறுகிறது,
கரண்ட் போயிற்று.
பதினோரு பேரும் ஒரே குரலாய்க் கத்த
பக்கத்து மொஹிங்கா கடைக்காரி
கரண்டியோடு ஓடிவந்தாள்.
ஜெனரேட்டர் மூன்றாம் இழுப்பில் பிடித்து
திரை எரிந்து
பேய் ஒருவழியாக வெளியே வந்தபோது
நே லின் கொட்டாவி விட்டான்.
இதற்குப் பேயா பொறுப்பு?
அரை லிட்டர் குறைத்தேன், இன்னும் உறுத்துகிறது.

சுடும் விளையாட்டுகளுக்கு இந்த நோட்டில் பக்கமில்லை.
ஆடத்தான் ஆடுகிறார்கள்.
எத்தனை போடலாம் என்று கேட்டால்
எல்லோருக்கும் தண்ணீர் தாகம் வந்துவிடுகிறது.

குழாய்களை ஒன்றோடொன்று பொருத்தும் புதிர்,
அது கடை சாத்தியபின் எனக்கு.
அதற்கும் எழுதவில்லை;
எழுதினால் அது யார் காசு டீசல் என்று கேள்வி வரும்.

இதுவரை அதிகம் வாங்கியது மீன்பிடி. நான்கு லிட்டர்.
போட்டவன் தவசி, பள்ளிக்கூடப் பதிவில் மின் ஸோ.
ஆறாம் கணினியில் அரைநாள் உட்கார்ந்து
ஒரு கெளுத்தி பிடித்தான்.
'இழுக்கும்போது கை கனக்குது அக்கா.
தட்டுறது வெறும் பொத்தான், ஆனாலும் கனக்குது.'
நான் மூன்று என்றேன். சண்டை போட்டு வாங்கினான்.

பிறகு ஒருநாள் எல்லை தாண்டினான்.
மஹாசாயில், இறால் கம்பெனி.

நேற்று அவன் குரல், கைபேசியில்:
'அக்கா, மீனுக்கு நாலு போட்டோமே, திருத்துங்க.
அதுல நாத்தமே இல்ல.
ஐஸ்ல விரல் மரத்துப் போறது இல்ல.
சூப்பர்வைசர் இல்ல.'
கொஞ்ச நேரம் ஏதோ இயந்திரத்தின் ஓசை.
'ரெண்டாக்குங்க. வேணாம், ஒன்றரை.'

அடுத்து இன்னொன்று, ஆறே விநாடி:
'இருங்க.
பிடிச்ச மீனை மறுபடி தண்ணியில விட
ஒரு பொத்தான் இருந்துச்சே,
அதுக்கு அரை சேத்துக்கங்க.'

நான்கைப் படிக்கும்படியாகவே அடித்தேன்.
பக்கத்தில் இரண்டு.

ஆறாம் கணினியில் இப்போது ஒரு புதுப்பையன்,
பெயர் இன்னும் கேட்கவில்லை,
அதே குளத்தில் தூண்டில் போட்டிருக்கிறான்.
எதுவும் கடிக்கவில்லை.
அவன் கொடுத்த காசில் இருபது நிமிடம் பாக்கி.
கேனைத் தூக்கி ஆட்டிப் பார்த்தேன்,
அடியில் கொஞ்சம் அலம்பியது.